பந்தலுக்குள் பறந்த கருடன்

அத்தியாயம் 7

திருடர்களில் சத்யப்ரியாவுக்குப் பிடித்தவர்களும் உண்டு. சுவர் ஏறிக் குதிக்கிறவனிடம் ஒரு உழைப்பு இருக்கிறது என்பாள். பதினோரு வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் விசாரித்துவிட்டு, அந்த வேலையை உதறி, சிம்மக்கல்லில் ஒரு நோட்டுப் புத்தகக் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் என்று போர்டு மாட்டியவள் அவள். அவளுக்குக் குமட்டிக்கொண்டு வருவது வேறு ஒரு ஜாதி. பறிகொடுத்துவிட்டேன் என்று வந்து உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஜாதி. அதில் பாதி அழுகை நிஜமாகவும் இருந்துவிட்டால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

போட்டோகிராபர் சூர்யபிரகாஷ் அப்படித்தான் அழுதானாம். அதுவும் மவுத்தான வீட்டில், சாவு விழுந்த இடத்தில் உட்கார்ந்து.

"அழுதுட்டு ரெண்டு தட்டு சாப்பிட்டானாம்க்கா" என்றான் தவ்பீக், ஸ்டியரிங்கைத் திருப்பியபடி. "துக்கம் தொண்டையை அடைச்சாலும் வயித்துக்கு வேற வழி இருக்கும்போல."

தவ்பீக் அவளுடைய உதவியாளன். நாலு வருடத்துக்கு முன்பு வரை செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தவன். செத்த போனிலிருந்து நம்பரும் படமும் மீட்டெடுப்பதில் கெட்டிக்காரன். வாயை மூடுவதற்கு மட்டும் இதுவரை எந்த ரிப்பேரும் பலிக்கவில்லை.

கார் உசிலம்பட்டியைத் தாண்டி எழுமலைச் சாலையில் போய்க்கொண்டிருந்தது. சத்யப்ரியா மடியில் இருந்த போனில் ஒரே ஒரு படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளைத் துணி கட்டிய மேடை, அதன் முன்னால் மணப்பெண் ஷைமா. ஐந்து வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த அவளுடைய நிக்காஹில் சூர்யபிரகாஷ் எடுத்த படங்களில் உலகத்தில் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான். 'சாம்பிள் பாருங்க' என்று அவன் அங்கேயே கேமராவிலிருந்து ஷைமாவின் போனுக்கு அனுப்பியது.

விஷயம் இதுதான். ஷைமாவின் அத்தா சேக் இஸ்மாயில், காஜிமார் தெருக்காரர். பாத்திரக்கடை வைத்திருந்தார். கேமராவைக் கண்டால் பத்தடி தள்ளிப் போகிற மனிதர். ஆதார் அட்டையில் இருக்கிற படத்தைத் தவிர அவருக்கு வேறு படமே கிடையாது. அந்தப் படத்தைப் பார்த்து அவரை அடையாளம் சொல்ல அவர் மனைவி லத்தீபாவாலேயே முடியாது. மகள் கெஞ்சிய கெஞ்சலுக்காக, எல்லாரும் சாப்பிட்டு முடித்துக் கிளம்புகிற நேரத்தில், அவள் பக்கத்தில் போய் நின்றார். மூன்று கிளிக். அதற்கு ஒன்பதாம் நாள் காலை கடை ஷட்டரைத் தூக்கக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

ஆனால் நிக்காஹ் முடிந்த மூன்றாம் நாளே சூர்யபிரகாஷ் வந்து சொல்லிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்பும் வழியில், அவனியாபுரத்தில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில், காரிலிருந்து பை போய்விட்டது. கேமரா, லென்ஸ், மெமரி கார்டு எல்லாம். காப்பி எதுவும் எடுத்து வைக்கவில்லை. போலீஸில் எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னான். ரசீதை மட்டும் இன்றுவரை காட்டவில்லை. அவர் இறந்தபிறகு திரும்பவும் வந்து அழுதான். அழுதுவிட்டுப் போகிற போக்கில், லத்தீபாவிடம், "அன்னைக்குப் பையைத் தூக்கி வண்டியில வச்சது உங்க அண்ணன் மகன் முபீன்தாம்மா, நான் யாரையும் சொல்லல" என்று ஒரு வார்த்தையையும் போட்டுவிட்டுப் போனான். அதிலிருந்து முபீன் அந்த வாசல்படி ஏறவில்லை. லத்தீபாவும் கூப்பிடவில்லை. படத்தை எப்படியாவது தேடித் தரச் சொல்லி சத்யப்ரியாவிடம் வந்து நின்றார்.

"திங்கக்கிழமை எழுமலையில காதணி விழான்னு அவன் ஸ்டூடியோ பேஜ்லயே போட்டிருக்கான்" என்றாள் சத்யப்ரியா. "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கேமராவைப் பறிகொடுத்தவன் மறுநாள் காலையில எதை வச்சுடா படம் எடுத்தான்?"

"கையாலயே வரைஞ்சிருப்பான்க்கா. கலைஞன்ல!"

காதணி விழா நடந்த வீடு எழுமலையில் பெரிய தெருவுக்குப் பின்னால் இருந்தது. வீட்டுக்காரி ரெங்கம்மாள் மருதாணி போட்ட கையை ஈரத்தோடு தூக்கிப் பிடித்தபடியே கதவைத் திறந்தாள். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஆள் பார்க்கிறோம், சூர்யபிரகாஷ் எப்படி எடுப்பார் என்று கேட்டதுதான் தாமதம். இருவரையும் உள்ளே உட்கார வைத்து, ஆல்பத்தை எடுத்து மடியில் போட்டுவிட்டாள்.

"இப்பத்தான் நாலு நாளைக்கு முன்னாடி வந்துச்சு. நீங்களே பாருங்க. தம்பி எடுத்த படம் எம்புட்டு ராசிங்கிறீங்க! கருடனே வந்துருச்சு."

"என்ன வந்துச்சு?"

"அந்தா பாருங்க சாமி."

சுவரில், பெரிதாக்கிக் கண்ணாடி போட்ட ஒரு படம். வீட்டு வாசல், நீலமான வானம், முன்னால் இரண்டு பிள்ளைகளும் தாய்மாமன் மடியில். வானத்தில் வலது மேல்மூலையில் கறுப்பாகச் சின்னதாக ஒரு பறவை. அதன்மேல் கண்ணாடியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, பக்கத்தில் ஊதுபத்தி செருகியிருந்தது.

"பிள்ளைக காதுல பூ வைக்கிற நேரம், கருடன் வட்டமடிச்சிருக்கு. எங்க யாரு கண்ணுலயும் படல. தம்பி கேமராவுலதான் விழுந்துச்சு. ஊரே வந்து பார்த்துட்டுப் போயிருச்சு."

தவ்பீக் வாயைத் திறந்தான். சத்யப்ரியா அவன் காலை மிதித்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

அவள் ஆல்பத்தைப் புரட்டினாள். கோயில் வாசலில் ஒரு படம். வலது மேல்மூலையில் கருடன். தெருவில் சீர்வரிசை வருகிற படம். அதே மூலையில் கருடன். மாமன்மார் வரிசையாக நிற்கிற படம். அப்போதும் அது நகரவில்லை. அடுத்த பக்கத்தைத் திருப்பியவள் அங்கேயே நிறுத்தினாள். சாப்பாட்டுப் பந்தல். மேலே முழுக்க வெள்ளைத் துணி கட்டியிருந்தது. கீழே வரிசையாக இலைபோட்டு ஜனம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணிக்குக் கீழே, வலது மேல்மூலையில், கருடன்.

"உள்ள வந்துருச்சு பார்த்தீங்களா!" ரெங்கம்மாள் உருகிப் போனாள். "பிள்ளைகளை வாழ்த்தணும்னு பந்தலுக்குள்ளயே வந்துருச்சு. எங்க சின்ன மாமனாருக்குக் கண்ணீரே வந்துருச்சு."

"பாயசத்துக்கு வந்திருக்குமோ என்னமோ" என்றான் தவ்பீக், பவ்யமாக.

சத்யப்ரியா தன் போனில் இருந்த ஷைமாவின் படத்தை எடுத்து ஆல்பத்தின் பக்கத்தில் வைத்தாள். வெள்ளைத் துணி கட்டிய மேடை. வலது மேல்மூலையில் சின்னக் கறுப்புப் புள்ளி. ஈ உட்கார்ந்திருக்கிறது என்றுதான் இத்தனை நாளாக எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

கேமராவுக்குள்ளே ஒரு தூசி விழுந்து ஒட்டிக்கொண்டால், துடைக்கிற வரைக்கும் எடுக்கிற படத்தில் எல்லாம் அதே இடத்தில் அந்தப் புள்ளி விழும். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹில் பறந்த அதே கருடன்தான் திங்கட்கிழமை எழுமலைக்கு வந்திருக்கிறது. பை திருடுபோகவே இல்லை. அதை ரெங்கம்மாளிடம் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது.

"நல்ல பக்தியான பிள்ளையா இருப்பாரு போல" என்று மட்டும் சொன்னாள்.

"பின்னே! படம் எடுத்து முடிச்சதும், நகத்தளவுல ஒரு அட்டை வச்சிருப்பாங்கள்ல, படமெல்லாம் ஏறுமே, அதைக் கழட்டினாரு. எங்க தட்டுல இருந்த குங்குமத்தைத் தொட்டு அதுக்கு ஒரு பொட்டு வச்சாரு. அதுக்கப்புறந்தான் டப்பாவுக்குள்ள போட்டாரு. மத்த அட்டைக்கும் வைங்க தம்பின்னேன். இல்லக்கா, படம் நெறைஞ்ச அட்டைக்கு மட்டுந்தான் பொட்டு, பொட்டு இல்லாட்டி காலின்னு அர்த்தம்னாரு. எந்த விசேஷ வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டுக் குங்குமத்தைத்தான் வைப்பாராம்."

காபி வேண்டாம் என்று சொல்லியும் கொடுத்தாள். குடித்துவிட்டு வெளியே வந்து காரில் ஏறினார்கள்.

"கேமரா அவன்கிட்டதான் இருக்கு, சரி" என்றான் தவ்பீக். "அப்ப நிக்காஹ் படத்தைக் குடுக்க அவனுக்கு என்ன கேடு? கல்யாண போட்டோவை வச்சு எவன்க்கா என்ன பண்ணப் போறான்? அது இருக்கட்டும், பொட்டு வைக்கிற ஐடியா நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டுக் கல்யாணத்துலதான் மாட்டிக்கிட்டு முழிச்சிருப்பான். ரோஸ் வாட்டர் இருக்கும், பேரீச்சம்பழம் இருக்கும். குங்குமத்துக்கு எங்க போவான்?"

"வண்டியை நிறுத்து" என்றாள் சத்யப்ரியா.

அவன் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினான்.

"திரும்பச் சொல்லு."

"பேரீச்சம்பழமா?"

"குங்குமம் கிடையாது. அதனால நிக்காஹ் கார்டுக்குப் பொட்டு வைக்கல. வீட்டுக்குப் போய் வைக்கலாம்னு அப்படியே டப்பாவுல போட்டிருப்பான். மறுநாள் விடியக்காலம் எழுமலைக்குக் கிளம்புறான். அவசரத்துல ஒரு கார்டை எடுக்குறான். பொட்டு இல்ல. காலின்னு நெனச்சு கேமராவுல செருகி அழிச்சுட்டான். அதுமேலயே ரெங்கம்மா வீட்டுக் கருடனை எடுத்துட்டான்."

தவ்பீக் இன்ஜினை அணைத்தான்.

"தப்பு பண்ணிட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றான்.

அதைத்தான் சத்யப்ரியாவாலும் பொறுக்க முடியவில்லை. கை தவறுவது யாருக்கும் நடக்கும். அன்று இரவே படங்களை ஒரு ஹார்ட் டிஸ்கில் ஏற்றி வைத்திருந்தால் அந்தத் தவறே ஒன்றுமில்லாமல் போயிருக்கும். அந்தச் சோம்பலைக்கூட மன்னிக்கலாம். ஆனால் இல்லாத திருடன் ஒருவனை உண்டாக்கி, அவனுக்கு முபீன் என்று பெயரும் வைத்து, பறிகொடுத்தவர்கள் கையாலேயே தண்ணீர் வாங்கிக் குடித்து ஆறுதலும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். காறித் துப்ப வேண்டும்போல இருந்தது அவளுக்கு. ஜன்னலை இறக்கி நிஜமாகவே துப்பினாள்.

"இப்ப எங்க இருக்கான் பாரு."

தவ்பீக் போனைத் தட்டினான். "ஸ்டேட்டஸ் போட்டிருக்கான்க்கா. ஒத்தக்கடையில, பவதாரிணின்னு ஒரு பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. வானத்துல கருடனும் ஆஜர்."

ஒத்தக்கடை மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பந்தி ஆரம்பித்திருந்தது. புதுக் கட்டடம், பெயின்ட் வாடை போகவில்லை. மேளமும் மைக்கும் சேர்ந்து போட்ட சத்தத்தில் காது அடைத்தது. சூர்யபிரகாஷ் மேடைக்குக் கீழே நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தான். முப்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி.

அவன் பொருளைப் பாதுகாக்கிற அழகை சத்யப்ரியா ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். கேமரா பைக்கு நம்பர் பூட்டு. பையை நாற்காலிக் காலோடு சேர்த்துக் கட்ட ஒரு சங்கிலி. மழைக்கு உறை, ஈரம் உறிஞ்ச உள்ளே சின்னச் சின்னப் பொட்டலம், கண்ணேறு படாமல் இருக்கக் கைப்பிடியில் எலுமிச்சம்பழமும் மிளகாயும். இவ்வளவும் பைக்கு. பைக்குள் இருக்கிற அடுத்த வீட்டுப் படத்துக்கு ஒரே ஒரு பொட்டு.

"தம்பி, லத்தீபாம்மா அனுப்பினாங்க" என்றாள் அவன் காதருகில் போய்.

அவன் முகம் உடனே துக்கத்துக்கு மாறியது. அவ்வளவு வேகமாக மாறிய முகத்தைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

பேச இடம் தேடி சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் கைகழுவும் இடத்துக்குப் போனார்கள். சத்தம் குறைவாக இருந்தது அங்கே மட்டும்தான். இலைகள் குவிந்த தொட்டி நிரம்பி வழிந்தது. தரையெல்லாம் தண்ணீர், சோற்றுப் பருக்கை, யாரோ துப்பிவிட்டுப் போன வெற்றிலைச் சாறு. அந்தக் கருமத்தில் கால் படாமல் ஓரமாக நின்றுகொண்டு சத்யப்ரியா ஆரம்பித்தாள். ஆரம்பித்தபோது அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்ததையும் சொல்லியாக வேண்டும். எல்லாக் கணக்கும் விரல்நுனியில் இருக்கும்போது வருகிற சந்தோஷம் அது.

"இந்த கேமரா யாருது?"

"ஃப்ரெண்டுதுக்கா. என்னோடதுதான் போயிருச்சே."

"ஃப்ரெண்டு கேமராவுலயும் அதே மூலையிலதான் கருடன் பறக்குமா?"

அவள் போனில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஷைமா, எழுமலைப் பந்தல், இன்று காலை ஸ்டேட்டஸ். புள்ளியின்மேல் விரலை வைத்துவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளினாள். விரலை எடுக்கவே தேவையில்லாமல் இருந்தது. அவன் நெற்றியில் வியர்வை அரும்பி விபூதி கரைந்தது.

"எழுமலையில குங்குமம் இருந்துச்சு, பொட்டு வச்சே. நிக்காஹ் வீட்டுல குங்குமத் தட்டு கிடையாது. அதான் அந்த கார்டு பொட்டில்லாம போச்சு. சரியா?" அவள் நிறுத்தி, மூச்சுவிட்டு, நிதானமாக முடித்தாள். "நீயே அழிச்சுட்டு, அந்த முபீன் தலையில போட்டே."

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். துக்கம் போய் வேறொரு முகம் வந்தது.

"எல்லாம் உங்க கற்பனைக்கா. தூசி யாரு கேமராவுலயும் விழும். ஆதாரம் காட்டுங்க. இந்தா, என்கிட்ட இருக்குற கார்டு அம்புட்டும் பார்த்துக்கங்க. இதுவே பழைய கார்டுதான், இதுலதான் ஓட்டிக்கிட்டு இருக்கேன். உங்க நிக்காஹ் படம் ஒண்ணு இருந்தாக் காட்டுங்க!"

"அந்த நிக்காஹ் கார்டா?" தவ்பீக் துள்ளினான். "தூக்கிப் போடலையா நீயி? அடப்பாவி, அழிச்சாலும் படம் போகாதுடா மாப்ள! மேல வேற படம் எழுதாத வரைக்கும் அடியிலதான் கிடக்கும். எழுமலையும் மத்ததும் சின்ன விசேஷம், நிக்காஹ்ல படம் அதிகம். கடைசிப் படமெல்லாம் அப்படியே மீட்டுரலாம்க்கா!"

சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே உறைத்தது. சத்யப்ரியாவுக்கு அதற்கும் ஒரு கணம் முன்னால்.

சூர்யபிரகாஷ் கேமராவைத் தரையைப் பார்த்துத் திருப்பி, பொத்தானை அழுத்திப் பிடித்தான்.

படபடவென்று அது அடித்துத் தள்ளியது. ஒரு நொடிக்கு எட்டு, பத்து என்று படங்கள் கார்டில் ஏறின. படம் எடுத்தே ஒருவன் படத்தை அழிப்பதை சத்யப்ரியா அன்றுதான் பார்த்தாள். அவள் கேமராவைப் பிடித்து இழுத்தாள். அவன் கழுத்து வாரோடு சேர்ந்து திரும்பிக்கொண்டான்; விரலை மட்டும் எடுக்கவில்லை. தவ்பீக் ஈரத்தில் வழுக்கி முழங்காலில் விழுந்து, விழுந்தபடியே கையை நீட்டி, கேமராவின் அடிமூடியைத் திறந்து பேட்டரியைப் பிடுங்கினான். சத்தம் நின்றது.

பந்தியிலிருந்து கை கழுவ வந்த ஒரு பெரியவர் மூவரையும் பார்த்துவிட்டு, கழுவாமலே திரும்பிப் போனார்.

"என் பொழப்பு போயிரும்க்கா" என்று சூர்யபிரகாஷ் சுவரோடு சரிந்தான். இப்போது அழுகை முழுக்க நிஜம். "வெளிய தெரிஞ்சா எவனும் கூப்பிட மாட்டான். அதுக்கப்புறம் அன்னன்னைக்கே ரெண்டு காப்பி எடுத்து வைக்கிறேன்க்கா, சத்தியமா. இப்பல்லாம் அவ்வளவு ஜாக்கிரதை."

"அந்த ஜாக்கிரதையை எங்ககிட்ட சொல்லாத" என்றாள் சத்யப்ரியா. கார்டை எடுத்துத் தன் சுருக்குப் பைக்குள் வைத்தாள். "உள்ள அந்தப் பொண்ணோட நிச்சயதார்த்தம் நடக்குது. வேற கார்டு போட்டுப் போயி ஒழுங்கா எடு. காலையில எடுத்த படத்தை நான் காப்பி பண்ணி அவங்க வீட்டுலயே குடுத்துருவேன். உன் கையில குடுக்க மாட்டேன். நாளைக்குப் பத்து மணிக்கு காஜிமார் தெருவுக்கு வந்து முபீன் முன்னாடி நின்னு சொல்லணும். வரலேன்னா போலீஸ்ல நான் எழுதிக் குடுப்பேன், ரசீதும் வாங்குவேன்."

தவ்பீக் நனைந்த முழங்காலோடு காருக்கு வந்தான். ஏறி உட்கார்ந்ததும், "என் வாயைத் தைக்கணும்க்கா" என்றான்.

"என் வாயையுந்தான். முதல்ல கேமராவைக் கையில வாங்கியிருக்கணும். வாங்காம, பெரிய இவளாட்டம் நின்னு கதை சொன்னேன் பாரு."

சூர்யபிரகாஷைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது அவள் பக்கமும் திரும்பியிருந்தது.

தவ்பீக் வேலையை லத்தீபாவின் வீட்டிலேயே வைத்துக்கொண்டான். லேப்டாப்பை ஹாலில் விரித்து, கார்டைச் செருகி, உள்ளே இருப்பதைத் தோண்ட விட்டான். லத்தீபா தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஷைமா புகுந்த வீட்டிலிருந்து ஆட்டோவில் ஓடிவந்திருந்தாள். நடந்ததைக் கேட்டதும் லத்தீபா செய்த முதல் காரியம், போனை எடுத்து அண்ணன் வீட்டுக்குப் பேசியதுதான். "முபீன்கிட்ட குடுங்க" என்றார். அவன் லைனுக்கு வந்ததும், "மாமியை மன்னிச்சுரு வாப்பா. நாளைக்குக் காலையில வந்துரு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. திரையில் ஒவ்வொன்றாக விழுந்தன. மொத்தம் பத்து.

பின்னால் இருந்த ஒன்பதும் யாருக்கும் வேண்டாதவை. காலி மேடை, கிளம்புகிற வண்டி, கையசைக்கிற கூட்டம், அடி காய்ந்த பிரியாணி தேக்சா. முதல் படத்தில் சேக் இஸ்மாயில் இருந்தார். போதும் போதும் என்று கேமராவை மறைக்கக் கையைத் தூக்கியிருந்தார். உள்ளங்கை பெரிதாக விழுந்து, முகத்தில் பாதிக்குமேல் மறைந்திருந்தது. ஒரு கண்ணும் தாடியின் ஓரமும் தெரிந்தன. பக்கத்தில் ஷைமா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இது மூணாவது" என்றாள் ஷைமா. "மொத ரெண்டுக்கும் நேராப் பார்த்தாங்க. என் தோள்ல கை போட்டிருந்தாங்க. அத்தா சிரிச்சாங்கம்மா, நீங்களுந்தானே பார்த்தீங்க."

"பார்த்தேன்" என்றார் லத்தீபா.

"அது ரெண்டும் எங்கண்ணே?"

தவ்பீக் லேப்டாப்பைப் பாதி மூடினான். சத்யப்ரியா அவன் கையை எடுத்துவிட்டு அதைத் திறந்தாள்.

"போச்சும்மா. அவன் மண்டபத்துல வச்சு அதுமேல வேற படம் எடுத்துட்டான். நான் மொதல்லயே கேமராவைப் பிடுங்கியிருந்தா மூணும் கிடைச்சிருக்கும். நான் பேசிக்கிட்டு நின்னேன். அந்த நேரத்துலதான் போச்சு."

சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அப்படி விட்டவன் ஒருவனைத்தான் அன்று காலை முதல் அவள் மனதுக்குள் காறித் துப்பிக்கொண்டிருந்தாள்.

ஷைமா அவளைப் பார்க்கவில்லை. "அந்த எடத்துல இப்ப என்ன இருக்கு? காட்டுங்க" என்றாள்.

தவ்பீக் தயங்கித் தயங்கி, கடைசியாக எடுத்த இரண்டு படங்களைத் திறந்தான். ஈரத் தரை. சோற்றுப் பருக்கை. வெற்றிலை எச்சில். ஓரத்தில் யாருடைய செருப்போ. இரண்டிலும் அதே. ஷைமா வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

"இதை அழிச்சுடுறேம்மா" என்றான் தவ்பீக். "அத்தா கையைத் தூக்கின படத்தை மட்டும் மூணு காப்பி போட்டுத் தாரேன். ஷைமா போன்ல ஒண்ணு, ஒரு ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, உங்களுக்குப் பெருசா பிரிண்டு ஒண்ணு."

"அதையும் அழிக்காதீங்க தம்பி" என்றார் லத்தீபா.

"இந்தக் கருமத்தையா? எதுக்கும்மா?"

லத்தீபா முந்தானையால் திரையை ஒருமுறை துடைத்தார். எச்சில் தரைமேல் விரலை வைத்தார்.

"எங்க வீட்டுக்காரரு இருந்த எடம்ல, தம்பி."

தவ்பீக் அதற்கும் மூன்று காப்பி எடுத்தான்.